காணாமல் போன நாற்பத்திரண்டு குழாய்கள்

1

"பிப்ரவரி 11. இந்தியச் சரக்கு, பதினொரு பெட்டிகள். குழாய்கள்: அனுப்பியவர் பட்டியல்படி 378. எண்ணியபடி 336. குறைவு 42. திருட்டாக இருக்கலாம்."

எங்கள் பட்டறையின் வரவுப் பதிவேட்டில் உள்ள குறிப்பு இது. ஜெர்மன் மொழி, நீல மை, என் கையெழுத்து. எண்கள் எல்லாம் சரி. கடைசி வாக்கியத்தை எழுதும்படி என்னிடம் யாரும் சொல்லவில்லை.

நான் வேலை செய்வது ஜெர்மனியின் வடக்கே ஒரு சிறிய ஊரில், தேவாலயங்களின் பழைய ஆர்கன்களைப் புதுப்பிக்கும் பட்டறையில். ஆர்கன் என்றால் மேசைமேல் வைத்து வாசிக்கும் பெட்டி என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இது சுவர் உயரத்துக்கு நிற்கும் கருவி. ஈயமும் வெள்ளீயமும் கலந்து செய்த நூற்றுக்கணக்கான குழாய்கள் அதில் உண்டு. கட்டையை அழுத்தினால் குழாய்க்குள் காற்றுப் போகும். ஒரு கட்டைக்கு ஒரு குழாய் என்று ஒரு வரிசை, ஒரு வரிசைக்கு ஒரு குமிழ். எந்தக் குமிழை இழுக்கிறோமோ அந்த வரிசை ஒலிக்கும். இவ்வளவு தெரிந்தால் போதும். இவ்வளவுகூடத் தெரிந்துகொள்ளாமல்தான் திருச்சியில் ஒரு கமிட்டி வருடக்கணக்கில் இதற்காகக் கூட்டம் போட்டு பன் தின்றது.

நான் மன்னார்புரத்துக்காரன். ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்தேன். திருவெறும்பூரில் ஜாப் ஒர்க் செய்யும் ஷெட் ஒன்றில் ஆறு வருடம் இருந்தேன். பிறகு கப்பல் கட்டும் வேலைக்கென்று இங்கே வந்தேன். வந்த சில வருடங்களில் கப்பல் தளத்தை மூடினார்கள். ஆர்கன் பட்டறையில் ஈயம் பற்றவைக்க ஆள் தேடினார்கள். சென்ற அக்டோபர் 14-ஆம் தேதியோடு இந்த நாட்டுக்கு வந்து பத்தொன்பது வருடம். தேதிகளை மறக்காதவன், கையெழுத்து திருத்தமானவன் என்று பதிவேட்டையும் என்னிடமே கொடுத்துவிட்டார்கள். அதில் நான் இதுவரை அடித்துத் திருத்தியது ஒரே ஒரு வாக்கியம்.

2

திருச்சி தேவாலயத்தின் பெயரை எழுதப் போவதில்லை. கமிட்டிக்காரர்கள் வருத்தப்படுவார்கள் என்பதற்காக அல்ல. அவர்கள் வருத்தப்பட்டால் எனக்கு மகிழ்ச்சிதான். கட்டடம் என்ன பாவம் செய்தது?

ஆர்கனின் காற்றுப்பெட்டியைக் கரையான் தின்றுவிட்டது. வெளிநாட்டில்தான் சரிசெய்ய வேண்டும் என்று கமிட்டி முடிவெடுத்தது. செயலர் ஞானராஜ் முதன்முதலாகத் தொலைபேசியில் அழைத்தபோது, தமிழ் பேச ஆள் இருக்கிறதே என்று பட்டறையில் என்னிடம் கொடுத்தார்கள்.

"நீங்க எந்த ஊரு சார்?"

"மன்னார்புரம்."

"வெள்ளைக்காரங்க செய்வாங்கன்னுதானே சார் அங்க குடுத்தோம்" என்றார்.

குழாய்களைக் கழற்றிப் பெட்டி கட்டி அனுப்ப நல்ல ஆள் யார் என்று கேட்டார். நான் பழனிவேலின் பெயரைச் சொன்னேன். ஐ.டி.ஐ.யில் எனக்குப் பக்கத்து பெஞ்ச். திருவெறும்பூரில் பேக்கிங் ஷெட் வைத்திருக்கிறான். லாரி நீளத்துக்கு இருக்கும் இயந்திர பாகங்களைச் சின்னக் கீறல்கூட இல்லாமல் துறைமுகத்தில் சேர்ப்பவன்.

கட்டைகளும் குமிழ்களும் உள்ள பகுதி மட்டும் வரவில்லை. கட்டைகளின் மேல் யானைத் தந்தம் ஒட்டியிருந்தது. எந்தக் காலத்திலோ செத்த அந்த யானைக்கு இன்று யார் பொறுப்பு என்று இரண்டு நாட்டு அலுவலகங்களும் மாதக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டன. யானையின் வயது, பிறப்பிடம், இறந்த சூழல் எல்லாவற்றுக்கும் படிவத்தில் கட்டம் இருந்தது. "தெரியாது" என்று எழுதக் கட்டம் இல்லை. கடைசியில் அந்தப் பகுதியைப் பழனியின் ஷெட்டிலேயே வைத்து, நாங்கள் அனுப்பும் வரைபடத்தின்படி அவனே பழுது பார்ப்பது என்று முடிவானது. பேக்கிங் தவிர அவனுக்குக் கிடைத்த முதல் நுணுக்க வேலை அது. தொலைபேசியில் அதைச் சொன்னபோது அவன் குரல் வேறு மாதிரி இருந்தது.

குழாய்கள் பிப்ரவரியில் வந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் நூலில் கட்டிய அட்டைச் சீட்டு, அதில் முத்து முத்தாக எண். கூடவே வந்த பட்டியலில் "1 முதல் 378 வரை" என்று இருந்தது. கீழே பழனியின் கையெழுத்து. நாங்கள் மூன்று முறை எண்ணினோம். 336.

பட்டறைத் தலைவர் ஹென்னிங் திருச்சியிலிருந்து வந்த புகைப்படத்தை எடுத்து வைத்துக்கொண்டார். கட்டைகள் 56. குமிழ்கள் ஏழு. ஆறு குமிழ்களில் பெயர் எழுதிய வில்லை இருக்கிறது. ஏழாவதில் வில்லை விழுந்துவிட்டிருக்கிறது. வந்த குழாய்களை வகை பிரித்தால் 56 வீதம் ஆறு முழு வரிசைகள், சரியாக 336. அப்படியானால் வராத 42-தான் ஏழாவது வரிசை. செலவைக் குறைக்கக் கீழ்ச் சுரங்களை விட்டுவிட்டுக் குறை வரிசை செய்வது அந்தக் காலத்தில் உண்டு.

"குறை வரிசை என்றால் கீழ்ப் பன்னிரண்டு போக 44 வேண்டுமே?" என்று ஒருவர் கேட்டார்.

"காலனி நாட்டுக்குப் போன சரக்கு. இரண்டு குறைத்திருப்பார்கள்" என்றார் ஹென்னிங். அவர் முகத்தில் துக்கம் இல்லை. ஒரு பொருள் தொலைந்துபோனால் அதன் சொந்தக்காரன் அழுவான், நிபுணன் கட்டுரை எழுதுவான்.

வராத சீட்டுகளின் எண்களை நான் ஒரே பத்தியாக எழுதினேன். 8, 17, 26, 35, 44, 53, 62, 71, 80, 89 என்று ஆரம்பித்து 377 வரை. அந்தப் பத்தியை இரண்டு முறை சரிபார்த்தேன். ஒருமுறைகூடப் படிக்கவில்லை.

"ஒரே வரிசை காணோம் என்றால் எண்கள் ஏன் இப்படிச் சிதறிக் கிடக்கின்றன?" என்று ஹென்னிங்கே கேட்டார். அன்று அந்தப் பட்டறையில் கேட்கப்பட்ட ஒரே அறிவுள்ள கேள்வி அது. அதைக் கொன்றவன் நான்.

"எங்கள் ஊரில் வரிசை என்பதே கிடையாது. கைக்கு வந்த குழாய்க்குக் கைக்கு வந்த சீட்டைக் கட்டியிருப்பார்கள்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

பிப்ரவரி 13 அன்று செயலருக்குத் தமிழில் கடிதம் எழுதினேன். அதன் நகல் என்னிடம் இருக்கிறது. "நாற்பத்திரண்டு குழாய்கள் வந்து சேரவில்லை. இந்த உலோகத்துக்குச் சந்தையில் நல்ல விலை உண்டு என்பதைத் தாங்கள் அறிவீர்கள்." பத்தியை இணைக்கவில்லை. அது ஜெர்மன் பதிவேட்டில் இருந்ததாம், அனுப்பினால் அவர்களுக்குப் புரியாதாம். எண்களுக்கு மொழி கிடையாது என்பது வருடக்கணக்கில் பதிவேடு எழுதியவனுக்குத் தோன்றவில்லை.

பழனியிடம் நான் பேசவில்லை. மார்ச் 2 அன்று அவன் அழைத்தான், எடுக்கவில்லை. குரல் செய்தி வந்தது. "டேய், நான் பாத்துப் பாத்துதான்டா கட்டினேன். கோயில் சாமான்டா. எங்கயோ கணக்கு இடிக்குது. நீ ஒருதடவ கூப்பிடு."

கூப்பிடவில்லை. அதற்குள் கமிட்டி போலீசில் புகார் கொடுத்துவிட்டது. பழனியின் ஷெட்டிலிருந்த கட்டைப் பகுதியை ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டுபோய், தேவாலயத்தின் கார் ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார்கள். அடுத்து அதைத் தின்னப்போகும் கரையானுக்கு அழைப்பிதழ் மட்டும்தான் அடிக்கவில்லை.

3

காலை ஒன்பதரைக்குப் பட்டறையில் காபி இடைவேளை. நீள மேசை, பன்னிரண்டு பேர். முதல் வருடம் நான் அந்த மேசையின் ஓரத்தில் ஊமையாக உட்கார்ந்திருந்தேன். ஒருநாள், திருவெறும்பூர் ஷெட்டுக்குப் புது கிரேன் வந்தபோது அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூசை போட்டதைச் சொன்னேன். மேசை முழுதும் சிரித்தது. மறுநாள் எனக்கு நடுவில் இடம் விட்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து தினம் ஒரு கதை. சமயபுரம் பஸ்ஸில் ஆட்டுக்கு டிக்கெட் கேட்ட கண்டக்டர். ராகுகாலம் முடியட்டும் என்று வாசலில் நின்ற ஆம்புலன்ஸ். பாதி நடந்தது, பாதி நான் சேர்த்தது. ஊரைக் கேலி செய்தால் மேசையில் இடம் கிடைக்கும். வெளிநாட்டில் இருப்பவர்களில் பாதிப் பேர் இதைத்தான் தொழிலாகச் செய்கிறார்கள். மீதிப் பேர் பொங்கலுக்கு மண்டபம் பிடித்து, பட்டு வேட்டி கட்டி, ஊரைப் புகழ்கிறார்கள். அதற்கு இதுவே தேவலை என்று நினைத்திருந்தேன்.

என் கதைகளுக்குச் சிரித்தவர்கள் பகுத்தறிவுப் புலிகள் என்று எண்ண வேண்டாம். பிறந்தநாளுக்கு முந்தின நாள் வாழ்த்துச் சொல்லிப் பாருங்கள், ஆபத்து வந்ததுபோல் முகம் வெளுத்துவிடும். நல்ல செய்தி சொன்னால் அவசரமாக மேசை மரத்தைத் தட்டுவார்கள். அதைப் பற்றி நான் கதை சொன்னதில்லை. என் இடம் போய்விடும்.

பட்டறைக்குப் பொதுமக்கள் வரும் நாளில் என் மகள் நிலாவும் வந்திருந்தாள். அவளுக்குப் பதினாறு வயது, இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், எழுதத் தெரியாது. நான் கிரேன் கதையைச் சொல்லி முடித்ததும் வீட்டுக்குத் திரும்பும் வழியில் கேட்டாள்.

"அப்பா, அங்க பேசறப்ப உன் குரல் ஏன் வேற மாதிரி இருக்கு?"

"எப்படி?"

"டிவில இந்தியாக்காரன் வேஷம் போடறவன் பேசுவானே, அந்த மாதிரி."

அவள் பிள்ளைகளுக்கே உரிய அலட்சியத்தோடு சொல்லிவிட்டுக் காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள்.

ஏப்ரலிலிருந்து ஜூன் வரை நான் 42 புதுக் குழாய்கள் செய்தேன். ஈயக் கலவையைத் தகடாக வார்த்து, செதுக்கி, உருட்டி, பற்றவைத்து, வாய் வெட்டி, ஒவ்வொன்றாகப் பேச வைத்தேன். கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல வந்தது வேலை. செப்டம்பரில் ஹென்னிங்கின் கட்டுரை ஒரு தொழில் இதழில் வெளியானது. தலைப்பு: தொலைந்த ஏழாவது வரிசை. என் படமும் இருந்தது. படத்தின் கீழே "இந்தியத் தொழிலாளி" என்று போட்டிருந்தார்கள். எனக்குப் பெயர் இருப்பது அவர்களுக்கும் தெரியும்.

4

அக்டோபர் 14, மேலே சொன்ன அதே நாள். பழைய காரொன்று வாங்கியிருந்தோம், அதைப் பதிவு செய்யப் போனேன். நிலாவுக்குப் பள்ளி விடுமுறை. அலுவலகங்களில் என் ஜெர்மன் தடுமாறும் என்பதால் கூட வந்தாள். பட்டறையில் கற்ற மொழியில் ஈயத்தைத் திட்டலாம், படிவம் நிரப்ப முடியாது.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் எண் கொடுத்தார்: 5309. அதை என் மனைவி சுமதிக்கு அனுப்பினேன். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அரை நிமிடத்தில் அழைத்தாள்.

"என்னங்க, கூட்டிப் பாத்தீங்களா?"

"எத?"

"நம்பரத்தாங்க. அஞ்சும் மூணும் எட்டு, ஒம்பது பதினேழு. ஒண்ணும் ஏழும் எட்டு. வேணாம். மாத்தச் சொல்லுங்க."

"சுமதி, இங்க வந்து இதெல்லாம்..."

"தினம் அந்த ரோட்டுல போறது நீங்களா, நானா?"

எட்டு சனி பகவானின் எண். வாகனத்துக்கு ஆகாது. படித்தவன், படிக்காதவன் என்ற பேதம் இல்லாமல் நம் ஊரில் எல்லோரும் நம்பர் பிளேட்டைக் கூட்டிப் பார்ப்பார்கள். நானும் இதை வைத்துக் காபி மேசையில் கதை சொல்லியிருக்கிறேன். இப்போது கண்ணாடிக்கு முன் குனிந்து, எங்களுக்கு எட்டு வேண்டாம் என்றேன்.

அந்த அம்மாள் முகம் இறுகியது. 88, 18 போன்ற எண்களைத் தாங்களே யாருக்கும் கொடுப்பதில்லை, பழைய நாஜிக் கொலைகாரர்களின் பக்தர்கள் அவற்றைச் சங்கேதமாக வைத்திருக்கிறார்கள் என்று விளக்கினார். பிறகு சீட்டைப் பார்த்துவிட்டு, "இதில் எட்டே இல்லையே?" என்றார்.

"அப்பா, ப்ளீஸ். ஏதோ ஒரு நம்பர வாங்கிட்டு வா" என்றாள் நிலா. பின்னால் வரிசையில் நின்றவர்களில் அவள் பள்ளிக்காரன் ஒருவன் இருந்தான் போலிருக்கிறது.

விளக்கிச் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. பேனாவை எடுத்து அவருடைய தாளின் ஓரத்தில் எழுதினேன். 5, 3, 0, 9. கூட்டினால் 17. அதைக் கூட்டினால் 8. இடம் இல்லாததால் எட்டை மேலே எழுதிவிட்டேன். தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளப் போனேன். கை நின்றுவிட்டது.

8. அதற்கு நேர் கீழே 17. நீல மை. என் கையெழுத்து.

இதற்குக் கீழே என்ன வரும் என்று எனக்குத் தெரியும். 26. அதற்குக் கீழே 35.

அந்த அம்மாள் ஏதோ கேட்டார். நிலா பதில் சொல்லி 5310 வாங்கினாள். காரில் உட்கார்ந்ததும், என் தொலைபேசியில் இருந்த பதிவேட்டுப் படத்தை அவளிடம் காட்டினேன்.

"இதெல்லாம் ஒம்பதால வகுத்தா எட்டு மிச்சம்" என்றாள். "எல்லாமே. கூட்டினாலும் எட்டுதான் வரும். முன்னூத்தி எழுபத்தெட்டு வரைக்கும் இந்த மாதிரி நாப்பத்திரண்டு இருக்கும். கழிச்சா முன்னூத்தி முப்பத்தாறு. சூப்பரா இருக்கே. யாரு இப்படி நம்பர் போட்டது?"

"திருடன்னு நான் எழுதினவன்."

எனக்கு இருபது வயதில் அப்பா மொபெட் வாங்கித் தந்தார். அதற்குக் கூட்டுத்தொகை எட்டு வரும் எண் விழுந்தது. வேறு எண்ணுக்காக ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் மூன்று நாள் வெயிலில் நின்றேன். கூட நின்றவன் பழனி. ஒருமுறைகூட அவன் ஏன் என்று கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

மறுநாள் ஹென்னிங்கிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். சுவாரசியம் என்றார். ஏழாவது குமிழ் பொய்யில்லையே என்றார். திருச்சிக்கு அனுப்ப அவர் எழுதிவந்த அறிக்கையின் திருத்தப் பிரதி ஒரு வாரத்தில் வந்தது. "ஏழாவது வரிசை, காலம் தெரியாத ஒரு கட்டத்தில், இழக்கப்பட்டது." புதிய 42 குழாய்களும் பொருத்தப்படும், கருவி வளம் பெறும் என்றும் இருந்தது. திருடனை விடுதலை செய்துவிட்டார். திருட்டை மட்டும் விட மனமில்லை.

5

செயலருக்கு அக்டோபர் 16 அன்று வராத எண்களின் பட்டியலோடு திருத்தக் கடிதம் அனுப்பினேன். பதில் இல்லை. பழனி தொலைபேசியை எடுக்கவில்லை. அது அவன் முறை. டிசம்பர் விடுப்பில் திருச்சிக்குப் போனேன். 22-ஆம் தேதி காலை பஸ் பிடித்துத் திருவெறும்பூர் ஷெட்டுக்குள் நுழைந்தபோது அவன் பலகை அறுத்துக்கொண்டிருந்தான். மெஷினை நிறுத்தவில்லை.

"வாங்க சார்! போலீஸா, கமிட்டியா?"

"பழனி..."

"உக்காருங்க சார். ஸ்டூல்தான் இருக்கு. வெளிநாட்டு ஆளுங்களுக்கு ஆகுமான்னு தெரியல."

வராத எண்களின் பட்டியலை நீட்டினேன். பலகை அறுந்து விழுந்தபிறகுதான் மெஷினை நிறுத்தினான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான். அவன் கண் பத்தியில் மூன்று எண்களுக்குக் கீழே இறங்கவில்லை.

"வசந்தா" என்றான். சீட்டு எழுதியது அவன் மனைவி. எப்போதும் அவள்தான் எழுதுவாள். "நான் பட்டியல்ல முதல் சீட்டையும் கடைசிச் சீட்டையும் பாத்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஸ்டேஷன்ல அதத்தான்டா காமிச்சாங்க. நீ போட்டது முன்னூத்தி எழுபத்தெட்டு, போனது முன்னூத்தி முப்பத்தாறு, மிச்சம் எங்கன்னு. எந்த நம்பர் இல்லன்னு ஒருத்தனும் சொல்லல."

"பட்டியல் என்கிட்ட இருந்துச்சு."

"எப்பலேருந்து?"

"பிப்ரவரி."

"மூணு நம்பர் படிச்சேன். எனக்குத் தெரிஞ்சிடுச்சு. நீ நாப்பத்திரண்டையும் கையால எழுதியிருக்க." தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். "அங்க போனா கூட்டல் மறந்துடுமாடா?"

ஸ்டேஷனுக்கு மூன்று முறை போயிருக்கிறான். அதைச் சொல்லும்போது அவன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. செல்வத்தைப் பற்றிச் சொல்லும்போதுதான் மாறியது. பதினொரு வருடம் அவனிடம் ஆணி அடித்த ஆள்.

"நீ எழுதினா தப்பா எழுத மாட்டன்னு நம்பினேன்டா. அப்ப குழாய் போயிருக்கு, இங்கதான் யாரோ எடுத்திருக்கணும். செல்வத்தக் கூப்பிட்டு நீயாடான்னு கேட்டேன். அவன் டிபன் பாக்ஸ எடுத்தான், போயிட்டான்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "மூடு" என்றான்.

அறுத்த பலகையை எடுத்து அடுக்கிவிட்டு அவனே கேட்டான். "அந்த ஏழாவது குமிழுக்குன்னு புதுசா குழாய் செஞ்சியாமே?"

"நாப்பத்திரண்டு."

"அந்தக் குமிழு எதுக்குத் தெரியுமா? பின்னாடி கம்பி ஓடுது. முனையில சின்ன மணி. பாட்டு ஆரம்பிக்கப் போகுது, துருத்திய அமுக்குன்னு காத்து போடறவனுக்குச் சொல்ற மணிடா அது. நான் கழட்டிப் பாத்தேன். கமிட்டிலயும் சொன்னேன். திருடன் பேச்ச எவன் கேப்பான்?"

சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் அவன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். கூப்பிட்டான் என்று சொல்ல முடியாது. பைக்கை எடுத்துவிட்டுப் பின்சீட்டைத் தட்டினான், ஏறிக்கொண்டேன். அம்மா மண்டபம் சாலையிலிருந்து உள்ளே மூன்றாவது சந்து. வசந்தா காபி கொண்டுவந்து வைத்தாள். பழனி பட்டியலை மேசையில் விரித்தான். அவள் ஒரு பார்வை பார்த்தாள்.

"ஆமாண்ணே, எட்டு போட மாட்டேன். கடல்ல போற சாமானுக்கு எட்டு போடுவாங்களா?"

"தொழிற்சாலை சாமானுக்கு?"

"அதுக்கு அவங்களே நம்பர் குடுத்துடுவாங்க. நாம போடறதுல போட மாட்டேன்."

"அப்ப கடைசி நம்பரும் எண்ணிக்கையும் ஒண்ணா இருக்காதேம்மா?"

"கடைசி நம்பர் கேட்டாரு, குடுத்தேன். எண்ணிக்கை யாருண்ணே கேட்டா?"

நான் கேட்கவில்லை. எங்கள் பட்டறையில் நான்கு பேர் பட்டம் பெற்றவர்கள், அவர்களும் கேட்கவில்லை. அவள் பட்டியலைத் திரும்பவும் பார்த்தாள். பிறகுதான் அவளுக்கு விஷயம் முழுதும் உறைத்தது போலிருக்கிறது.

"அப்ப என் பேனாவாலதான் இவரு ஸ்டேஷனுக்குப் போனாரா?"

"இல்ல, இவன் பேனாவால" என்றான் பழனி. "காபி ஆறுது, குடிடா. நான் திருடாத குழாய இவன் செஞ்சு அனுப்பப் போறான், தெரியுமா வசந்தா? நாப்பத்திரண்டு."

"அதுக்கும் நானே சீட்டு எழுதித் தரேன்" என்றாள் அவள். முகத்தில் சிரிப்பு இல்லை. "எட்டு போடாமதான்."

கிளம்பும்போது பழனி வாசல்வரை வந்தான். செல்வத்தின் வீடு லால்குடிப் பக்கம். பட்டியலை எடுத்துக்கொண்டு மறுநாள் போகப் போவதாகச் சொன்னான். நானும் வரட்டுமா என்றேன்.

"நீ எதுக்கு? நீ கமிட்டியப் போய்ப் பாரு."

6

டிசம்பர் 24 அன்று பார்த்தேன். தேவாலயத்தில் பண்டிகை அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. ஞானராஜ் கையில் சீரியல் லைட் சரத்தோடு வந்தார். என் திருத்தக் கடிதம் கிடைத்ததாம்.

"நம்பர் குழப்பம்தானே சார், விடுங்க."

"குழப்பம் இல்லங்க. ஒரு குழாய்கூடக் குறையல. புகார் தப்பு."

"நாங்களா சார் குடுத்தோம்? புகார்ல இணைப்பே உங்க லெட்டர்தானே. வெளிநாட்டு நிபுணர் கடிதம்னு போட்டிருக்கோம்."

வெள்ளைக்காரன் இல்லையே என்று வருந்திய அதே மனிதர். ஒருவனைப் பிடித்துக்கொடுக்க வேண்டியிருந்தபோது மன்னார்புரத்துக்காரன் வெளிநாட்டு நிபுணன் ஆகிவிட்டான்.

புகாரைத் திரும்பப் பெற வேண்டும், கட்டைப் பகுதியைப் பழனியின் ஷெட்டுக்கே திருப்பி அனுப்ப வேண்டும், ஞாயிறு ஆராதனையில் இதை வாசிக்க வேண்டும் என்று மூன்றையும் எழுதிக் கொடுத்தேன். முதல் இரண்டுக்கும் தலையாட்டினார். மூன்றாவதைப் படித்ததும், "சபையில வாசிக்கிறதெல்லாம் வேணாமே சார். ஆர்கன் வரட்டும். பாட்டு கேட்டா ஜனங்க எல்லாத்தயும் மறந்துடுவாங்க" என்றார். அவருக்கு ஜனங்களைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது. அதுதான் எனக்கு எரிச்சலூட்டியது.

ஜனவரி 12 அன்று பட்டறைக்குத் திரும்பினேன். பதிவேட்டை எடுத்து, "திருட்டாக இருக்கலாம்" என்பதன் மேல் ஒரே கோடு போட்டேன். அடியில் இருப்பது படிக்கும்படியாகத்தான் கோடு இருக்க வேண்டும், அது விதி. கீழே எழுதினேன்: "குறைவு இல்லை. 336 குழாய்களும் வந்து சேர்ந்தன. சீட்டு எண்களில் எட்டும் கூட்டினால் எட்டு வருபவையும் விடப்பட்டுள்ளன. அது அனுப்பியவரின் வழக்கம். இது இந்தப் பதிவை எழுதியவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய வழக்கம். ஏழாவது குமிழ் துருத்திக்காரருக்கான மணி. புதிய 42 குழாய்களுக்கு இந்தக் கருவியில் இடம் இல்லை."

கடைசி வாக்கியத்தை எடுத்துவிடலாமே என்றார் ஹென்னிங். எடுக்கவில்லை. மேசையில் இப்போது நான் மறுபடியும் ஓரத்தில் உட்காருகிறேன். நடு இடத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு போலந்துக்காரர் தன் ஊரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நன்றாகச் சிரிக்கிறார்கள்.

ஜனவரி 22 அன்று ஞானராஜ் அழைத்து, புகாரைத் திரும்பப் பெற்றாயிற்று என்றார். நகல் கேட்டேன். அனுப்புவதாகச் சொன்னார். அன்று மாலையே பழனியிடம் கேட்டேன்.

"எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லலடா. ஸ்டேஷன்லேருந்தும் தகவல் இல்ல. கட்டையும் வரல."

"செல்வம்?"

"வீட்டுல இருந்தான். பட்டியலக் குடுத்தேன், வாங்கிப் பாத்தான். காபி குடுத்தான். வேலைக்கு வரேன்னு சொல்லல."

இதை எழுதி முடிக்கும் பிப்ரவரி 11 வரை நகல் வரவில்லை. புகார் திரும்பப் பெறப்பட்டது என்பது செயலர் வாய்மொழியாகச் சொன்னது. தாள் எதையும் நான் கண்ணால் பார்க்கவில்லை. சரிபார்க்கப்படாத தகவல்.